ரயில் பாதையோரம் கவுன்சில் வீடுகள்: கருத்துக் கேட்ட விதத்துக்கு ஐந்துக்கு இரண்டரை

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிட்டேன். லண்டனில் நாங்கள் இருக்கும் குடியிருப்பு எஸ்டேட்டுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே நீளமாக ஒரு துண்டு நிலம் கிடக்கிறது. பழைய கராஜ்கள், பாதிக்கு மேல் பூட்டியே கிடப்பவை, அவற்றின் பின்னால் முட்புதர், அப்புறம் வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் தண்டவாளம். அந்த இடத்தில் கவுன்சில் வீடுகள், அதாவது குறைந்த வாடகைக்கு விடும் வீடுகள், கட்டப் போகிறோம் என்று எங்கள் உள்ளூராட்சியான கவுன்சில் கடிதம் போட்டது, கண்காட்சி வைத்தது, இணையத்தில் கருத்துக் கேட்டது, இப்போது திட்ட அனுமதிக்கு விண்ணப்பமும் போட்டுவிட்டது. நான் விமர்சிப்பது இந்தக் கருத்துக் கேட்கும் சேவையை. வீடு கட்டுவதில் எனக்கு எந்த எதிர்ப்பும் இல்லை, கட்டத்தான் வேண்டும், சீக்கிரம் கட்ட வேண்டும்.

ஏன் என்று கேட்டால், இங்கிலாந்தில் கவுன்சில் வீடு போன்ற சமூக வீட்டுக்காகப் பெயர் பதிந்து காத்திருக்கும் குடும்பங்கள் 13 லட்சத்தைச் சுற்றி இருக்கின்றன. தற்காலிக இருப்பிடத்தில் பெட்டி கட்டிய நிலையிலேயே நாள் கடத்தும் குடும்பங்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல், அதில் நம் ஆட்களும் நிறையப் பேர். 1980 சட்டம் வாடகைக்கு இருந்தவர்களுக்கே கவுன்சில் வீட்டைத் தள்ளுபடியில் விற்க வழி செய்தது, விற்ற வேகத்தில் புதியது கட்டப்படவில்லை. வீட்டுக் கணக்கின் பேரில் கவுன்சில்கள் கடன் வாங்குவதற்கு இருந்த உச்சவரம்பை 2018இல் எடுத்த பிறகுதான் பல கவுன்சில்கள் மறுபடி கட்டவே ஆரம்பித்தன. கட்டுவதற்கு நிலம் எங்கே இருக்கிறது? கராஜ் வரிசை, பழைய டிப்போ, ரயில் பாதையை ஒட்டிய துண்டுகள், இவைதான் மிச்சம். அதனால் "ரயிலுக்குப் பக்கத்தில் மனுசன் இருப்பானா" என்று கூட்டத்தில் எழுந்து கத்தியவர்களோடு நான் சேரவில்லை. நாங்களே ரயிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறோம். ஒழுங்காகக் கட்டினால் இருக்கலாம். ஒழுங்காகக் கட்டப் போகிறார்களா என்று தெரிந்துகொள்ள இந்தச் சேவை எவ்வளவு உதவியது என்பதுதான் எனக்குக் கேள்வி.

நல்லதை முதலில் சொல்கிறேன். கடிதம் எல்லா வீட்டுக்கும் வந்தது, எங்கள் மாடியில் யாரும் விடுபடவில்லை. கண்காட்சியை எஸ்டேட்டின் கம்யூனிட்டி ஹாலிலேயே வைத்தார்கள், ஒன்று மாலையில், ஒன்று சனிக்கிழமையில், வேலைக்குப் போகிறவர்களும் வர முடிந்தது. தமிழில் விளக்கம் வேண்டுமென்றால் ஆள் ஏற்பாடு செய்கிறோம் என்று கடிதத்திலேயே இருந்தது. ஹாலில் நின்ற அதிகாரிகள் மரியாதையாகப் பேசினார்கள், தெரியாததைத் தெரியாது என்றார்கள், கேட்ட கேள்வியை எழுதிக்கொண்டு போய் பிறகு மின்னஞ்சலில் பதில் அனுப்பினார்கள். எல்லாக் கேள்விக்கும் இல்லை, ஆனாலும் அனுப்பினார்கள். கார் நிறுத்தும் இடம், குப்பைத் தொட்டி, எங்கள் ஜன்னலுக்கு வரும் வெயிலை எவ்வளவு மறைக்கும் என்பதற்கெல்லாம் தெளிவான படங்கள் இருந்தன. இந்த அளவுக்குக்கூடச் செய்யாத கவுன்சில்கள் உண்டு, அதனால் இதற்கு மனதாரப் பாராட்டு.

இனிமேல்தான் குறை. சுவர் முழுக்க அட்டைகள், ஒவ்வொன்றிலும் கட்டடத்தின் வண்ணப்படம், பால்கனியில் பூச்செடி, சைக்கிளில் போகும் குழந்தை. ஒரு படத்திலும் ரயில் இல்லை. பாதை இருக்கும் பக்கத்திலிருந்து கட்டடம் எப்படித் தெரியும் என்று ஒரு படம்கூட இல்லை. சத்தம் என்ற சொல் மொத்தக் கண்காட்சியிலும் ஒரே ஒரு வரியில் வந்தது, தகுந்த ஒலித்தடுப்பு ஏற்பாடுகள் விண்ணப்பக் கட்டத்தில் பரிசீலிக்கப்படும் என்று. அந்த இடத்தைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் ரயிலைத்தான் சொல்வார்கள். அதைப் பற்றி இவ்வளவுதான் சொல்வார்களா?

நான் கேட்டது சின்னக் கேள்விதான். படுக்கையறைகள் எந்தப் பக்கம் வருகின்றன? வரைபடத்தைப் பார்த்தால் ஒவ்வொரு மாடியிலும் நடுவே நடைபாதை, இரண்டு பக்கமும் ஃபிளாட்கள். அப்படியென்றால் பாதி ஃபிளாட்களுக்கு ஜன்னல் முழுவதும் ரயில் பக்கம், பாதிக்கு முழுவதும் எஸ்டேட் பக்கம். ரயில் பக்க ஃபிளாட்டில் இருப்பவர் எந்த அறைக்குள் போனாலும் சத்தத்திலிருந்து ஒதுங்க முடியாது. ஒலி நிபுணர் பிறகு பார்ப்பார் என்று பதில் வந்தது. பிறகு அவர் என்ன பார்ப்பார்? கட்டடத்தின் வடிவம் முடிவான பின் வருகிறவர் கண்ணாடியின் தடிப்பைத்தான் சொல்ல முடியும். நடைபாதையை நடுவில் வைக்காமல் ரயில் பக்கத்துக்குத் தள்ளி, சமையலறையையும் குளியலறையையும் அந்தப் பக்கம் போட்டு, படுக்கையறையையும் பால்கனியையும் அமைதியான பக்கம் வைப்பது என்பது முதல் நாள் பென்சிலில் எடுக்க வேண்டிய முடிவு. லண்டன் முழுவதற்குமான திட்டக் கொள்கையான லண்டன் பிளான் என்ற 2021 ஆவணமும் ஒரே பக்கம் ஜன்னல் உள்ள ஃபிளாட்களை இயன்ற மட்டும் தவிர்க்கச் சொல்கிறது. அதை இந்தக் கட்டத்தில் மக்களிடம் கேட்டிருந்தால் கேட்டதற்கு ஒரு பொருள் இருந்திருக்கும். எங்களிடம் கேட்டது செங்கல் நிறத்தை.

இதெல்லாம் நடக்காத காரியம் என்று சொல்பவர்கள் ஒரு முறை கேம்டன் பக்கம் போய் அலெக்சாண்ட்ரா ரோடு எஸ்டேட்டைப் பார்க்க வேண்டும், சவுத் ஹாம்ஸ்டெட் ஸ்டேஷனில் இறங்கினால் பக்கம்தான். அது கவுன்சில் கட்டியது. வரைந்தவர் நீவ் பிரவுன், கேம்டன் கவுன்சிலின் சொந்தக் கட்டடக் கலைப் பிரிவில் வேலை பார்த்தவர். 1968இல் வடிவமைப்பு, 1972இல் கட்டத் தொடங்கி 1978இல் முடித்தார்கள், ஐநூறுக்கும் மேற்பட்ட வீடுகள். யூஸ்டனிலிருந்து வடக்கே போகும் பெரிய பாதை ஒட்டியே ஓடுகிறது. அவர் என்ன செய்தார் என்றால், பாதையை ஒட்டி எட்டு மாடி உயரத்தில் நீளமாக ஒரு கட்டடத்தை நிறுத்தி, அதன் முதுகை ரயிலுக்குக் காட்டி, மாடிகளைப் படிப்படியாகப் பின்னே தள்ளி, திறந்த பால்கனிகள் எல்லாவற்றையும் மறுபக்கம் திருப்பிவிட்டார். அந்தக் கட்டடமே அதற்குப் பின்னால் உள்ள வீடுகளுக்கும் தெருவுக்கும் பூங்காவுக்கும் மதில். அதோடு விடவில்லை, தரை வழியாக ஏறும் அதிர்வைத் தடுக்க அடித்தளத்தையே ரப்பர் பட்டைகளின் மேல் உட்கார வைத்தார்கள். ரயில் இருக்கிறது என்பதை மறைக்காமல் அதிலிருந்தே கட்டடத்தின் வடிவத்தை எடுத்திருக்கிறார்கள்.

செலவு கைமீறிப் போனது, அதற்காக விசாரணையே வைத்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1993இல் அந்த எஸ்டேட்டைப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இரண்டாம் தர நட்சத்திரம் (Grade II*) என்று சேர்த்தார்கள், போருக்குப் பிந்தைய கவுன்சில் எஸ்டேட்களில் அந்தப் பெருமை முதலில் கிடைத்தது அதற்குத்தான். நியூகாசிலில் பைக்கர் சுவர் என்ற நீண்ட குடியிருப்புக் கட்டடமும் இதே யோசனைதான், சத்தம் வரும் வடக்குப் பக்கம் சின்னச் சின்ன ஜன்னல், தெற்கே பால்கனிகள். ஐம்பது வருடத்துக்கு முன் கவுன்சிலில் சம்பளம் வாங்கிய ஆட்களுக்கே இது தெரிந்திருக்கிறது. எங்கள் கண்காட்சியில் நின்ற இளம் கட்டடக் கலைஞரிடம் இதைச் சொன்னேன். அவருக்கு அந்த எஸ்டேட் நன்றாகவே தெரியும், கண் மின்னப் பேசினார். நிலம் ஒடுங்கியது, எண்ணிக்கை இவ்வளவு வேண்டும் என்று கவுன்சில் சொல்லிவிட்டது என்றார். குறைந்தபட்சம் அது நேர்மையான பதில். அந்த நெருக்கடியை அட்டையில் எழுதிப் போட்டு, வீட்டின் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்து இரண்டு பக்கமும் ஜன்னல் உள்ள ஃபிளாட்களாகக் கட்டலாமா என்று கேட்டிருந்தால் நாங்களும் யோசித்துப் பதில் சொல்லியிருப்போம்.

சரி, விண்ணப்பம் போட்ட பிறகு ஆவணங்கள் எல்லாம் கவுன்சில் இணையதளத்தில் ஏறின. ஏகப்பட்ட பிடிஎஃப். பெயர்களைப் பார்த்தால் எது எதற்கென்று புரியாது. நீங்கள் இதுபோன்ற ஒன்றில் மாட்டினால் நேராகச் சத்தமும் அதிர்வும் பற்றிய மதிப்பீட்டைத் திறங்கள், மற்றதெல்லாம் அப்புறம். அதில் திரும்பத் திரும்ப வருவது பிஎஸ் 8233 என்ற 2014 பிரிட்டிஷ் தரநிலை. இரவு 11 மணியிலிருந்து காலை 7 வரை படுக்கையறைக்குள் சராசரியாக 30 டெசிபலுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது, பகலில் வசிக்கும் அறையில் 35, பால்கனி போன்ற திறந்த இடத்தில் 50, அதிகம் போனால் 55 என்கிறது. 10 டெசிபல் கூடினால் நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும், அதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் எண்கள் புரியும்.

எங்கள் அறிக்கையும் எல்லா அறைகளும் இந்த அளவுக்குள் வருகின்றன என்றுதான் முடிகிறது. ஜன்னல் மூடியிருந்தால். அந்த நிபந்தனை நடுப்பக்கத்தில் ஒரு அட்டவணையின் அடியில் சின்ன எழுத்தில் கிடந்தது. பாதி திறந்த ஜன்னல் வெளிச் சத்தத்தில் 10 முதல் 15 டெசிபல் வரைதான் குறைக்கும். ரயில் பக்கச் சுவரில் வரும் என்று அவர்கள் கணக்கிட்ட சத்தத்திலிருந்து அதைக் கழித்துப் பார்த்தால் 30 கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கிறது. இந்தக் கழித்தலை அறிக்கையே செய்து ஒரு வரியில் போட்டிருக்கலாம்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், வெயில். 2022 ஜூலையில் இங்கிலாந்து முதல் முறையாக 40 டிகிரியைத் தாண்டியது, அந்த இரவுகளில் யாராவது ஜன்னலை மூடிக்கொண்டு படுத்தீர்களா? அந்த வருடம் ஜூன் மாதம்தான் புதிய வீடுகள் அளவுக்கு மீறிச் சூடேறாமல் தடுக்கும் கட்டட விதி, ஆவணம் 'O' என்பது, நடைமுறைக்கு வந்தது. இரவில் படுக்கையறைக்குள் சராசரி 40 டெசிபலைத் தாண்டினாலோ, ஒரே இரவில் பத்துத் தடவைக்கு மேல் 55ஐத் தாண்டும் சத்தம் வந்தாலோ ஆட்கள் ஜன்னலைத் திறக்க மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடு என்கிறது அந்த விதி. அப்படியானால் வேறு வழியில் குளிர வைக்க வேண்டும், வெளியே நிழல் தடுப்பு வைக்கலாம், ஒலி அடக்கிய காற்றுத் திறப்பு வைக்கலாம், கடைசியாக இயந்திரக் காற்றோட்டம். எங்கள் திட்டத்தில் ரயில் பக்க ஃபிளாட்களுக்கு இயந்திரம்தான். அந்த இயந்திரத்துக்கு மின்சாரம் யார் கட்டுவது, வடிகட்டியை யார் மாற்றுவது, அது பழுதானால் எத்தனை நாளில் வருவார்கள், இதற்கென்று வாடகையோடு சேவைக் கட்டணம் ஏறுமா என்று எழுதிக் கேட்டேன். நான் அனுப்பியதில் பதில் வராத கேள்வி இதுதான். கவுன்சில் வீட்டுக்கு வருகிறவர்களில் பலர் ஹீட்டரையே எண்ணி எண்ணிப் போடுகிறவர்கள். பில்லுக்குப் பயந்து இயந்திரத்தை அணைத்து, சத்தத்துக்குப் பயந்து ஜன்னலையும் மூடினால் அந்த அறையில் வெக்கையும் ஈரப்பூசணமும்தான் மிஞ்சும்.

கண்காட்சியன்று ஹாலில் எங்கள் மாடியில் இருக்கும் ஒரு அக்கா கேட்டதை மறக்க முடியாது. முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்ப்பவர். நான் ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தபோது என் தோளைத் தட்டி, "தம்பி, நான் காலமைதான் வந்து படுக்கிறனான். இவை சொல்லுற இரவு எனக்கு எப்ப எண்டு ஒருக்காக் கேளும்" என்றார். கேட்டேன். அதிகாரி யோசித்துவிட்டு, நல்ல கேள்வி என்று எழுதிக்கொண்டார். தரநிலையில் பகல் நேரத்தில் படுத்து ஓய்வெடுப்பதற்கும் 35 என்று ஒரு எண் இருக்கிறது, ஆனால் எங்கள் பாதையில் பகலில்தான் ரயில்கள் நெருக்கமாக ஓடுகின்றன. இரவு வேலை, அதிகாலை வேலை பார்ப்பவர்கள் கவுன்சில் வீடுகளில் எவ்வளவு பேர் என்று கவுன்சிலுக்குத் தெரியாதா? ஃபிளாட் ஒதுக்கும்போது அமைதியான பக்கத்தை அவர்களுக்குக் கொடுக்கலாமே.

அப்புறம் இந்தச் சராசரி என்ற விஷயம். எட்டு மணி நேரச் சத்தத்தைச் சேர்த்துச் சமமாகப் பரப்பி ஒரு எண் சொல்கிறார்கள். கடைசிப் பயணிகள் ரயிலுக்கும் காலையின் முதல் ரயிலுக்கும் நடுவே எங்கள் பாதையில் சரக்கு ரயில்கள்தான். டீசல் எஞ்சின், பின்னால் நீளமாகக் கன்டெய்னர், சிக்னலில் நின்று மறுபடி இழுக்கும்போது ஜன்னல் கண்ணாடி நடுங்கும். அது ஒரு சில முறைதான் வருகிறது என்பதால் சராசரியில் கரைந்துவிடும், தூக்கத்தில் கரையாது. அதனால் அறிக்கையில் உச்சச் சத்தத்துக்கு என்ன எண் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும், இரவில் 45 டெசிபலைத் தாண்டும் நிகழ்வு பத்துக்கு மேல் போகக் கூடாது என்பது 2017இல் ஒலித் துறை அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி சொல்லும் அளவு. ஒலிவாங்கியை எங்கே வைத்தார்கள், எந்த இரவுகளில் வைத்தார்கள், அந்த இரவுகளில் சரக்கு ரயில் ஓடியதா, இந்த மூன்றையும் பாருங்கள். வாரக்கடைசியில் சரக்கு குறையும். எங்கள் அறிக்கையில் அளந்த தேதிகள் இருந்தன, சரக்கு ரயில்களின் எண்ணிக்கை இல்லை. பக்கத்தில் பாதை மாறும் இடம் ஒன்று இருக்கிறது, சக்கரம் அந்த இடைவெளியைத் தாண்டும்போது வரும் அடி நேரான பாதையில் வராது, அதை அறிக்கை தனியாகக் குறிப்பிட்டிருந்ததற்கு நன்றி. இரவில் பாதை பழுது பார்க்க வரும் இயந்திரங்களைப் பற்றி ஒன்றும் இல்லை. ரயில் ஓடாத நேரத்தில்தான் அந்த வேலை நடக்கும், அதனால் அது எப்போதும் நம் தூக்க நேரம்தான்.

அதிர்வைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் பிறகு திருத்தவே முடியாதது. கண்ணாடி சரியில்லையென்றால் பத்து வருடம் கழித்தும் மாற்றலாம். தரை வழியாக அடித்தளத்தில் ஏறி, சுவரில் ஊர்ந்து, அறைக்குள் மெல்லிய உறுமலாக வரும் அதிர்வைத் தடுக்க வேண்டுமானால் கட்டடத்துக்கும் அடித்தளத்துக்கும் நடுவே ரப்பரோ வில்சுருளோ முதலிலேயே வைத்தாக வேண்டும். ஆட்கள் குடிவந்த பிறகு ஒருவரும் கட்டடத்தைத் தூக்கி அடியில் வைக்கப் போவதில்லை. எங்கள் அறிக்கை அதிர்வைத் தரையில் அளந்துவிட்டு, புகார் வருவதற்கான வாய்ப்பு குறைவு என்று முடிக்கிறது. தரையில் அளந்ததும் நான்காம் மாடித் தளத்தில் உணர்வதும் ஒன்றாக இருக்காது, நீளமான தளங்கள் அதிர்வைப் பெருக்கவும் செய்யும். அந்தக் கணக்கை எப்படிப் போட்டார்கள் என்று ஒரு பத்தியாவது எழுதியிருக்கலாம்.

ரயில்வே பக்கத்தின் பாதுகாப்புக் கட்டுப்பாடுகளை விளக்கியதில் மட்டும் முழு மதிப்பெண். ஹாலில் இருந்த ஒரு பொறியாளர் அம்மா ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து யார் கேட்டாலும் பொறுமையாகச் சொன்னார். ரயில் நிலத்திலிருந்து 10 மீட்டருக்குள் கட்டுவதாக இருந்தால் அந்தப் பாதையின் நிர்வாகத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், அது சட்டம். இங்கே பெரும்பாலும் அது நெட்வொர்க் ரெயில். எல்லையிலிருந்து சில மீட்டர் தள்ளித்தான் சுவர் எழுப்பலாம், பிற்காலத்தில் ஜன்னல் துடைக்கவோ சுவர் பூசவோ ஆள் அவர்கள் நிலத்துக்குள் கால் வைக்கக் கூடாது. கிரேன் சாய்ந்தாலும் பாதையில் விழாத மாதிரி வைக்க வேண்டும், தண்டவாளத்திலிருந்து 3 மீட்டருக்குள் எதுவும் விழ வாய்ப்பிருக்கக் கூடாது. தூண்களைத் தரையில் இறக்கும் முறைக்கு முன் அனுமதி, இலை கொட்டும் பெரிய மரங்களுக்குத் தடை, வெளி விளக்கு ஓட்டுநரின் கண்ணில் அடிக்கக் கூடாது, சிக்னல் நிறத்தோடு குழம்பவும் கூடாது. ரயில் பக்கம் பால்கனி வைத்தால் துணி, பந்து, பூந்தொட்டி எது விழுந்தாலும் ஆபத்து, மேலே ஓடும் மின்கம்பியில் 25,000 வோல்ட். இதைக் கேட்ட பிறகு எங்கள் ஆட்கள் பலர் பால்கனி ஏன் குறைவு என்று கேட்பதையே விட்டுவிட்டார்கள். காரணத்தை நேராகச் சொன்னால் மக்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்பதற்கு அந்த மூலையே சாட்சி. சத்தத்துக்கும் இப்படி ஒருவரை உட்கார வைத்திருக்க வேண்டும்.

குடிவரப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று உண்டு, இதை ஒரு அட்டையும் சொல்லவில்லை. ஏற்கெனவே இருக்கும் ரயில் பாதைக்குப் பக்கத்தில் புதிதாக வந்து கட்டுகிறவர்தான் சத்தத்தைச் சமாளிக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும், 2018இலிருந்து தேசியத் திட்டக் கொள்கையிலேயே இது இருக்கிறது. அது நியாயம்தான், ரயில் முதலில் இருந்தது. ஆனால் அதன் மறுபக்கம் என்னவென்றால் குடிவந்த பிறகு ரயிலைப் பற்றிப் புகார் சொல்ல உங்களுக்குக் கதவு ஏறக்குறைய மூடியிருக்கிறது. நாடாளுமன்றச் சட்டத்தின்படி ஓடும் ரயில் வழக்கமாக ஓடுவதால் வரும் அதிர்வுக்கு நட்டஈடு கிடையாது என்று அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது 1869இல், ஹாமர்ஸ்மித் ரயில்வே வழக்கில். ரயில் சத்தத்துக்காக ஜன்னல் மாற்றித் தரும் 1996 விதிகள்கூடப் புதிதாகப் போடும் பாதைகளுக்குத்தான், பழைய பாதைக்குப் பக்கத்தில் எழும் புது வீட்டுக்குப் பொருந்தாது. ஆகவே திட்ட அனுமதி கொடுக்கும் இந்தச் சில மாதங்கள்தான் அந்த வீட்டில் படுத்துத் தூங்கப் போகிறவருக்காக யாராவது வாய் திறக்க முடிகிற காலம். அந்த வீட்டுக்கு வரப் போகிறவர் யார் என்று இன்னும் யாருக்கும் தெரியாது, அவர் எங்கோ ஒரு விடுதி அறையில் இருக்கிறார், அவரால் இந்தக் கூட்டத்துக்கு வர முடியாது. அவருக்காகக் கவுன்சிலே பேசியிருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு உள்ள பெரிய மனத்தாங்கல்.

எங்கள் எஸ்டேட்டுக்கு இதில் லாபமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். புதிய கட்டடம் எழுந்தால் அதன் பின்னால் மறையும் எங்கள் வீடுகளுக்குச் சத்தம் குறையும், அறிக்கையே அப்படிச் சொல்கிறது. பாதைக்கு அந்தப் பக்கம் வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்குத்தான் சிக்கல், கட்டடச் சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் அவர்கள் பக்கம் போகும். பெரும்பாலும் அது சின்ன அளவுதான் கூடும், சுவரில் ஒலியை உறிஞ்சும் மேற்பரப்பு வைத்தால் இன்னும் குறையும். ஆனால் அவர்களில் பலருக்குக் கடிதமே போகவில்லை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் என்பதால் அண்டை வீடு என்ற கணக்கில் வரவில்லையாம். சத்தத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

அடுத்தது விண்ணப்பம் போட்ட பிறகு நடப்பது. கருத்துச் சொல்ல 21 நாள். அத்தனை ஆவணங்களுக்கும் அது போதாது, வேலை முடிந்து வந்து இரவில் படிப்பவர்களுக்குச் சுத்தமாகப் போதாது. கவுன்சில் தன் நிலத்தில் தானே கட்டத் தன்னிடமே அனுமதி கேட்கிறது, 1992 விதிகள் அதற்கு இடம் கொடுக்கின்றன, தவறொன்றும் இல்லை. ஆனால் வீடு கட்டும் பிரிவும் திட்ட அனுமதிப் பிரிவும் ஒரே கட்டடத்தில் இருக்கும்போது மக்கள் சந்தேகப்படுவார்கள் என்று தெரிந்து, ஒலி அறிக்கையைச் சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரி என்ன சொல்லித் திருப்பினார் என்பதை வெளிப்படையாகப் போடலாம். எங்கள் கவுன்சில் அதைப் போட்டது, தாமதமாகத்தான், ஆனாலும் போட்டது. அதைப் படித்தபோது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது, நான் கேட்ட சரக்கு ரயில் கேள்வியை அவரும் கேட்டிருந்தார்.

நான் அனுப்பிய கருத்தில் திட்டத்தை ஆதரிக்கிறேன் என்று முதல் வரியிலேயே எழுதினேன், இல்லாவிட்டால் எதிர்ப்புக் கணக்கில் சேர்த்து ஓரம்கட்டிவிடுவார்கள். அப்புறம் அனுமதியோடு சேர்க்க வேண்டிய நிபந்தனைகளாகக் கேட்டேன். ஆட்கள் குடிவருவதற்கு முன் ரயில் பக்கத்துப் படுக்கையறைகளில் இரவில் சத்தத்தையும் அதிர்வையும் நிஜமாக அளந்து முடிவை வெளியிட வேண்டும், அளவு தாண்டினால் திருத்திய பிறகுதான் சாவி கொடுக்க வேண்டும். அடித்தளத்தில் அதிர்வுத் தடுப்பு தேவையில்லை என்றால் அதற்கான கணக்கைக் காட்ட வேண்டும். காற்றோட்ட இயந்திரத்தின் பராமரிப்பைக் கவுன்சில் ஏற்பதாக எழுத்தில் வர வேண்டும். ஜன்னல் திறந்தால் எவ்வளவு சத்தம் என்பதை வீடு ஒதுக்கும்போதே குடும்பத்துக்குச் சொல்லிவிட வேண்டும். திட்டக் குழுக் கூட்டத்தில் பேசவும் பெயர் கொடுத்திருக்கிறேன், சில நிமிடம்தான் கிடைக்கும், அதற்குள் இவ்வளவையும் சொல்ல முடியாது என்பதால் முதல் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டேன்.

உங்கள் பக்கத்தில் இப்படி ஒரு கடிதம் வந்தால் கண்காட்சிக்குக் கட்டாயம் போங்கள், முதல் கூட்டத்துக்கே போங்கள், வடிவம் இளகி இருப்பது அப்போது மட்டும்தான். படுக்கையறை எந்தப் பக்கம் என்று கேட்டுப் பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். 21 நாள் தாண்டிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், முடிவு எடுக்கும் நாள் வரை வருகிற கருத்துகளைப் பெரும்பாலான கவுன்சில்கள் சேர்த்துக்கொள்ளும். விண்ணப்ப எண்ணைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

எங்கள் திட்டத்தின் முடிவு இன்னும் வரவில்லை. ரயில் பக்கத்து ஃபிளாட்களின் வரைபடத்தை மாற்றி மறுபடி காட்டினால் மீதி இரண்டரையில் ஒன்றரையைக் கூட்டிப் போடத் தயாராக இருக்கிறேன். பாதைக்கு அந்தப் பக்கத்து வீடுகளுக்கும் கடிதம் போனால் மீதி ஒன்றும்.